கூப்பிடு தூரத்தில் ஒரு திட்டு

கோரைமுனைக்காரர்கள் முதன்முதலாகத் தனியாக இருக்கப் போனது ஊரோடு திரண்டுதான்.

ஆடிக் காற்று அடங்கி, ஆற வைத்த கஞ்சி போலக் கடல் அசையாமல் கிடந்த ஒரு காலையில், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், நேற்றுவரை இரண்டு ஆள் ஆழம் இருந்த இடத்தில், ஒரு வெள்ளை மணல்திட்டு வந்து உட்கார்ந்திருந்தது. கட்டிலை விடக் கொஞ்சம் பெரியது, வீட்டை விட ரொம்பச் சின்னது. பார்த்தவள் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டாள், பக்கத்து வீடு அடுத்த வீட்டைக் கூப்பிட்டது, பிள்ளைகளைத் தவிர்த்து ஊரில் இருந்த முப்பத்திரண்டு பேரும் இரண்டு வள்ளங்களில் ஏறி, இடம் கிடைக்காதவர்கள் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நீந்தி, சிரிப்பும் கூச்சலுமாகப் போய் இறங்கினார்கள். முதலில் கால் வைத்த ஆளைத் திட்டு அலுங்காமல் தாங்கியது. இரண்டாவது ஆள் ஏறியதும் கணுக்கால் நனைந்தது. மூன்றாவது ஆளுக்கு முழங்கால். கடைசி ஆளும் "இரு, நானும் வாறேன்" என்று குதித்தபோது, மொத்த ஊரும் கழுத்தளவுத் தண்ணீரில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி நின்று, வந்த திட்டு எங்கே போச்சு என்று தேடிக்கொண்டிருந்தது.

எல்லாரும் கரைக்குத் திரும்பிப் பிழிந்து உதறித் திரும்பிப் பார்த்தால், திட்டு பழையபடி மேலே வந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. யாரும் மலைத்துப் போய்விடவில்லை. கொடுத்த சாமான் சரியில்லாத கடைக்காரனைப் பற்றிப் பேசுகிற மாதிரித்தான் பேசினார்கள். "என்னய்யா இது, ஒத்தையாளுக்கு மேல தாங்க மாட்டேங்குது" என்றார் சம்மாட்டி சீமைச்சாமி. சம்மாட்டி என்றால் வலைக்குச் சொந்தக்காரர், அதனால் எதையும் முதலில் குறை சொல்கிற உரிமை அவருக்கு.

அந்த ஊருக்கு ஒத்தையாள் என்றால் என்னவென்றே தெரியாது என்பதைச் சொல்லியாக வேண்டும். கோரைமுனை கரைவலை ஊர். விடியும்போது வள்ளம் போய் அரைவட்டமாக வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும், அதன் இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று பக்கத்துக்குப் பதினாறு பேராக இழுக்க வேண்டும், ஆணும் பெண்ணுமாக, இடுப்பில் கட்டிய துண்டுக் கயிற்றைப் பெரிய கயிற்றில் மாட்டி, பின்னால் சாய்ந்து, ஒரே அடியாக. ஒருத்தர் குறைந்தால் வலை கோணும், ஒருத்தர் முந்தினால் கை கிழியும். அப்படி இழுத்து இழுத்து, அவர்கள் சாப்பிடுவதும் ஒரே நேரத்தில், குளிப்பதும் ஒரே நேரத்தில், தும்மினால் அதுவும் சங்கிலியாகத்தான். வீட்டுக் கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது, தாழ்ப்பாள் போடுகிற வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். ஒருத்தி கடற்கரைப் பக்கம் நாலு எட்டு வைத்தாலே போதும், எந்த வீட்டிலிருந்தாவது குரல் வந்துவிடும்: "எங்கிட்டுப் போற? இரு, நானும் வாறேன்."

களஞ்சியம் இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே முப்பத்தெட்டு வயதுக்கு வந்துவிட்டவள். அவள்தான் ஊரின் குரல். வலை இழுக்கும்போது எல்லார் காலும் ஒன்றாக விழ அம்பாப் பாட்டு வேண்டும், முன்வரியை ஒருத்தர் எடுக்க வேண்டும், மற்றவர்கள் 'ஏலோ' என்று வாங்கிக்கொண்டு இழுக்க வேண்டும். அவள் குரல் கிழக்குக் காற்றையும் மீறிப் போகும். நாற்பது பாட்டு மனப்பாடம். அத்தனையும் அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் கட்டியவை, ஒன்றுகூட அவளுடையது இல்லை.

ஒரே ஒரு வரி மட்டும் இருந்தது. பதினோரு வயதில், பிறந்த ஊரில், தொலைந்த ஆட்டைத் தேடித் தாழம்புதருக்குள் போனவள் அரைமணி நேரம் ஒருத்தர் கண்ணிலும் படாமல் இருந்தாள். அவள் ஆயுளில் தனியாக இருந்தது அந்த அரைமணிதான். அப்போது வாயில் தானாக ஒரு வரி வந்தது: 'கடலுக்கு ரெண்டு கரை, காத்துக்கோ கரையுமில்ல.' வந்து முடிந்து, அடுத்த வரி தொண்டை வரைக்கும் ஏறி நின்ற நேரத்தில், "அடியே, உன்னையத் தேடி ஊரே அலையுது" என்று ஏழு பேர் புதரை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்த இரண்டாவது வரி திரும்பிப் போய்விட்டது. போனது வரவேயில்லை. கல்யாணம் ஆகி, மூன்று பிள்ளை பெற்று, ஆயிரம் வலை இழுத்தும் வரவில்லை. சாமான் கழுவும்போது, மீன் காய வைக்கும்போது, பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி இருக்கும். உடனே யாராவது பேசுவார்கள்.

பேசுகிறவள் பெரும்பாலும் ராக்கு மதினியாக இருப்பாள். களஞ்சியத்தின் புருஷன் நம்புவேலுக்கு அக்கா. ஐம்பது வயது. புருஷன் கடலில் போனதிலிருந்து தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். அன்பானவள், அதிலெல்லாம் குறை சொல்ல முடியாது. ஆனால் இருட்டினால் களஞ்சியத்தின் முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவாள். களஞ்சியம் புரண்டு படுத்தால் ராக்குவும் புரண்டு படுப்பாள். "எனக்குப் பக்கத்துல மூச்சு கேக்கணும் தாயி, இல்லாட்டி நான் போயிட்டேனோன்னு தோணுது" என்று சொல்லிவிட்டாள், அதற்குப் பிறகு முந்தானையை உருவ எந்தப் பாவிக்கு மனசு வரும்.

அதனால் திட்டு வந்த அன்று ஊரிலேயே நெஞ்சு அதிகமாக அடித்துக்கொண்டது களஞ்சியத்துக்குத்தான். ஒத்தையாள்தான் இருக்க முடியும் என்றால், அங்கே ராக்கு மதினி வர முடியாது. யாருமே வர முடியாது. அதை நினைத்தபோது உள்ளங்கால் கூசியது.

ஊர் கூடியது. ஒரு பொருள் வந்துவிட்டால் பங்கு போட வேண்டும், அது மீனானாலும் மணலானாலும். முப்பத்திரண்டு சிப்பியை வரிசையாக வைத்தார்கள், சிப்பிக்கு ஒரு நாள். மீனைக் கூறு வைக்கும்போது ஒருத்தர் கூறுகளுக்கு முதுகு காட்டி நிற்பார், இன்னொருத்தர் ஒவ்வொன்றாகத் தொட்டு "இது ஆருக்கு" என்று கேட்பார், அவர் பார்க்காமல் பேர் சொல்வார், அப்போதுதான் ஓரவஞ்சனை வராது. இங்கேயும் நம்புவேலை முதுகு காட்டி நிற்க வைத்தார்கள். முதல் சிப்பி முதல் நாள், இரண்டாவது சிப்பி இரண்டாவது நாள் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும்போது முதுகு காட்டுவதில் ஒரு பிரயோசனமும் இல்லைதான். ஆனாலும் பழக்கத்தை விட முடியுமா? நம்புவேல் நேர்மையானவன், நேர்மையானவர்கள் வீட்டில்தான் எல்லாம் கடைசியாகக் கிடைக்கும். பொண்டாட்டி பேரை முதலில் சொன்னால் ஊர் சிரிக்கும் என்று தள்ளித் தள்ளி, முப்பத்தோராவது சிப்பிக்குக் களஞ்சியம் பேரையும், முப்பத்திரண்டாவதுக்கு அக்கா ராக்கு பேரையும் சொன்னான். அன்று ராத்திரிச் சோற்றில் அவனுக்கு உப்பு சற்றுத் தூக்கலாக இருந்தது.

காலை வலை முடிந்ததும் முறைக்காரர் தனியாக நீந்திப் போக வேண்டும், சூரியன் உச்சிக்கு வருகிற வரை இருக்கலாம், நிழலுக்குச் சம்மாட்டி வீட்டுக் கறுப்புக் குடை. இவ்வளவும் சரியாகப் பேசி முடித்தவர்கள், ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள். முதல் நாள் முறைக்காரர் குடையோடு திட்டில் போய் உட்கார்ந்தபோது, மீதி முப்பத்தொரு பேரும் கரையில் உட்கார்ந்து அவர் தனியாக இருப்பதை வேடிக்கை பார்த்தார்கள். பார்த்தால் சும்மா இருப்பார்களா. "அண்ணே, காலை நீட்டிக்கங்க." "குடையச் சாச்சுப் பிடி, கிழக்குல வெயிலு." "இப்ப எப்படி இருக்கு, தனியா இருக்கா?" பாவம் அந்த மனிதர், ஒவ்வொருவருக்கும் பதில் கத்தியே தொண்டை கட்டித் திரும்பி வந்தார். இருக்கிறதிலேயே கூட்டமான இடம் அந்தத் திட்டுதான் என்று சொன்னார்.

அதன் பிறகு இன்னொரு வழக்கம் வந்தது. ஒருத்தர் திட்டில் இருக்கும்போது மற்றவர்கள் கடலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். கடல்தான் சோறு என்று வாழ்கிற ஊர், தினமும் அரைப்பகல் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வரிசையாக உட்கார்ந்து வலை பொத்தியது, கருவாடு கிள்ளியது, பேன் பார்த்தது. அந்த வழியாகப் போன பஸ் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது.

திட்டுக்குப் போனவர்கள் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமாகத் திரும்பி வந்தார்கள். புதுசாகக் கல்யாணம் ஆகி வந்த ஒரு பெண் ஒரு பாக்கெட் பிஸ்கட்டை யாருக்கும் பங்கு கொடுக்காமல் முழுசாகத் தின்றுவிட்டு வந்து, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இன்னொருத்தர் பத்தே நிமிஷத்தில் வெளிறிப் போய் நீந்தி வந்து, "என் மூச்சு எனக்கே கேக்குதுய்யா" என்று நடுங்கினார், ஆனால் மறுநாள் தன் முறை இன்னொரு தடவை கிடைக்குமா என்று விசாரித்தார். எட்டு வருஷத்துக்கு முன் செத்துப்போன தம்பிக்காக ஒருத்தர் அங்கே போய் அழுதார், ஊரே சேர்ந்து அழுத அன்றைக்குத் தனக்கு அழ நேரமே கிடைக்கவில்லை என்றார். சம்மாட்டி தன் முறையன்று போய்த் தூங்கிவிட்டு வந்தார், வந்த பிறகு ஒரு வாரம் யாரையும் குறை சொல்லவில்லை, ஊருக்கே கவலையாகிவிட்டது. நம்புவேல் பன்னிரண்டாவது நாள் போய்விட்டு வந்து, "நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, ரொம்ப நேரம் பொண்டாட்டி முகத்தைப் பார்த்தான். அதற்குள் கேள்விப்பட்டு அளவெடுக்க வந்த அதிகாரி, இரண்டு உதவியாளர்களோடு திட்டில் ஏறி, மூன்று பேரும் முழங்காலளவுத் தண்ணீரில் நாடாவைப் பிடித்து நின்று, 'இங்கே திட்டு எதுவும் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கைலியோடு தனியாக வந்து, மத்தியானத்துக்கு மேல் சும்மா கிடந்த நேரத்தில் உட்கார்ந்துவிட்டு, யாரிடமும் பேசாமல் பஸ் ஏறினார்.

களஞ்சியம் ஒவ்வொரு நாளாக எண்ணினாள். இருபது, இருபத்தொன்று. அவளுக்குப் பசி போனது. இருபத்தெட்டாம் நாள் வேறு யாருக்கும் புரியாத ஒரு பயம் வந்தது, தன் முறைக்கு முன்னால் திட்டு போய்விட்டால் என்ன செய்வது என்று. அந்த ஒரு அரைப்பகலும் கிடைக்காமல் போனால், கிடைக்கவே கிடைக்காது என்று நிச்சயமாகவே அவளுக்குத் தோன்றியது. முப்பதாம் நாள் சாயங்காலம் ராக்கு மதினி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"களஞ்சியம், என் முறையையும் நீயே எடுத்துக்க."

"ஏன் மதினி?"

"என்னால அங்கன ஒத்தையில இருக்க முடியாது தாயி. மூச்சு நின்னுரும். நீ ரெண்டு நாளும் போயிட்டு வா."

களஞ்சியத்துக்கு ஒரு நிமிஷம் ஆசை பொங்கியது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மதினியின் விரல்கள் தன் முந்தானையைத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். "உங்க முறை உங்களுக்கு. வேணும்னா போங்க, வேண்டாட்டி கரையில இருங்க. ஆனா அது உங்களுது" என்று சொல்லிவிட்டாள்.

முப்பத்தோராம் நாள் வலை முடிந்ததும், குடையைத் தலையில் கட்டிக்கொண்டு அவள் நீந்தினாள். கரையில் சம்மாட்டி எல்லாரையும் கூப்பிட்டு, "இது நம்ம பாட்டுக்காரி முறை. இத்தனை வருசமா நமக்காகக் கத்துனவ. இன்னைக்கு எவனும் ஓரக்கண்ணால பாக்கக் கூடாது, பேசவும் கூடாது" என்றார். அதுவரை முப்பது நாளும் யாராவது ஒருத்தர் திருட்டுத்தனமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. அன்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. களஞ்சியம்மேல் இருந்த மரியாதையில் முப்பத்தொரு முதுகும் அசையாமல் இருந்தன. பிசகு அங்கேதான் நடந்தது என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

திட்டில் ஏறி, குடையை மணலில் ஊன்றி, காலை நீட்டி உட்கார்ந்தபோது களஞ்சியத்துக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். காதுக்குள் ஒரு குரலும் இல்லை. தண்ணீர் மணலை நக்கும் சத்தம், தூரத்தில் ஒரு கடல்காகம், அவ்வளவுதான். தன் கையை எடுத்துப் பார்த்தாள், அது கயிறு இழுக்கிற கை மாதிரி இல்லாமல் சும்மா ஒரு கை மாதிரி இருந்தது. சிரித்தாள். சத்தமாகச் சிரித்துப் பார்த்தாள். யாரும் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்கவில்லை. பிறகு பதினோரு வயதில் விட்ட இடத்தில் போய் நின்று, அந்த வரியைப் பாடினாள். 'கடலுக்கு ரெண்டு கரை, காத்துக்கோ கரையுமில்ல.' பாடிவிட்டுக் காத்திருந்தாள். அவசரமே இல்லை. மறுபடி பாடினாள். இரண்டாவது வரி எங்கேயோ கிளம்பிவிட்டது, வந்துகொண்டிருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்தது.

எவ்வளவு நேரமோ, நிமிர்ந்து பார்த்தபோது கரை சின்னதாகியிருந்தது. பனைகள் விரல் உயரத்தில் நின்றன. திட்டு ஒரு சத்தமும் போடாமல் அவளைச் சுமந்துகொண்டு கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் பயப்படவில்லை. உள்ளதைச் சொன்னால் குதூகலமாகத்தான் இருந்தது. போகட்டும் என்று குடைக்கம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள், காற்று சேலையைத் தூக்கியது, நெஞ்சு பெரிதாகிக்கொண்டே போனது. கரையில் முதுகுகள் வரிசையாகத் தெரிந்தன. அதில் சிவப்புச் சேலை ராக்கு மதினி என்று அடையாளம் வைத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் சிவப்பு தெரியவில்லை. எந்த முதுகு யாருடையது என்று தெரியவில்லை. வாயைத் திறந்து அந்த வரியைப் பாடினாள், அது காற்றோடு போய்விட்டது, இரண்டாவது வரி வந்துகொண்டிருந்த வழியில் நின்றுவிட்டதை உணர்ந்தாள். அப்போதுதான் பயம் வந்தது.

கரையில் ராக்குவுக்கு மூச்சு கேட்கவில்லை. அவ்வளவு தூரத்து மூச்சு எப்படிக் கேட்கும் என்று கேட்டால் அவளுக்குப் பதில் தெரியாது. ஊர்க்கட்டுப்பாட்டை மீறிக்கொண்டு திரும்பிப் பார்த்தவள், "ஐயையோ, குடை எறும்பளவு போயிருச்சே" என்று மணலில் எழுந்து ஓடினாள். முப்பது பேரும் திரும்பினார்கள்.

அடுத்த கால்மணி நேரம் கோரைமுனை இருந்த இருப்பைச் சொல்லி மாளாது. நம்புவேல் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு நாலு பேரோடு போனான். துடுப்பு எத்தனை எட்டு நெருங்கியதோ அத்தனை எட்டு திட்டு விலகியது, கூட்டத்தைக் கண்டால் கூசுகிற சுபாவம் அதற்கு. கடைசியில் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வள்ளத்தை நிறுத்திக் கத்தினான்.

"களஞ்சியம், குதிச்சு நீந்தி வந்துரு. நான் இங்கன இருக்கேன்ல."

"நான் இறங்கிட்டா இது போயிரும்."

"போனாப் போகுது."

"நாளைக்கு உங்க அக்கா முறைங்க. அவுகளுக்கு வேணும்."

நம்புவேல் துடுப்பைப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான். இன்னும் அரைப்பகல் போனால் எல்லைக்கோடு வந்துவிடும், அந்தப் பக்கம் போனால் மணல் எந்த நாட்டுது, மேலே இருக்கிறவள் எந்த நாட்டுக்காரி என்று கேட்பார்கள், முறைச்சீட்டு சிப்பியைக் காட்டினால் ஒப்புக்கொள்வார்களா. கத்தினான், கும்பிட்டான். அவள் அசையவில்லை. இத்தனை காலம் முந்தானையைப் பிடித்துத் தூங்கியவளுக்காக அவள் நடுக்கடலில் இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கரையிலிருந்து சம்மாட்டி கையை ஆட்டி வள்ளத்தைத் திரும்பக் கூப்பிட்டார். அவருக்குத்தான் தோன்றியது. தெரியாமல் வளைக்க ஒரே வழி வலைதானே. ஊர் வலை அவ்வளவு தூரத்துக்குப் பத்தாது. கிணற்றுக் கயிறு வந்தது, ஆடு கட்டுகிற கயிறு வந்தது, தொட்டில் சேலைகளை முறுக்கிக் கட்டினார்கள், கோயில் கொடிக்கயிற்றைச் சாமியிடம் சொல்லிவிட்டு எடுத்தார்கள். இரண்டு வள்ளமும் சம்பந்தமில்லாத திசைக்குப் போகிற மாதிரி போய், திட்டுக்கு வெகுதூரம் பின்னால் சத்தமில்லாமல் வலையை வளைத்துவிட்டு வந்தன. முப்பத்தொரு பேரும் இடுப்புக் கயிற்றை மாட்டினார்கள், ஒரு பக்கம் பதினாறு, மறுபக்கம் பதினைந்து. சாய்ந்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, பாட்டெடுக்க ஆளில்லை.

"நீ எடுடா" என்றார் சம்மாட்டி நம்புவேலிடம்.

நம்புவேல் ஆயுளில் பாடியதில்லை. தொண்டையைக் கனைத்து எடுத்தான். வண்டி பள்ளத்தில் இறங்குகிற மாதிரி இருந்தது. ஒரு பக்கம் முந்தியது, ஒரு பக்கம் நின்றது, தொட்டில் சேலை ஒன்று கிழிந்தது, இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். வேறு நாளாக இருந்தால் ஊர் ஒரு மாசம் சிரித்திருக்கும். அவன் கண்ணில் தண்ணீரோடு திரும்பத் திரும்ப அதே வரியைத் தப்பாகப் பாடினான், நிறுத்தவில்லை.

அந்தக் கர்ண கடூரம் கடல் மேல் போய்க் களஞ்சியத்தின் காதில் விழுந்தது. சிரிப்பு வந்தது. திரும்பிக் கரையைப் பார்த்தாள். இரண்டு கயிறு, இரண்டு வரிசை, அவ்வளவு தூரத்திலிருந்து மொத்த ஊரும் அவள் கண்ணுக்குள் ஒரே பார்வையில் அடங்கியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் நடுவில் நின்றுகொண்டிருந்ததால் அதை முழுசாகப் பார்த்ததேயில்லை. தேடாமலே, கூப்பிடாமலே, இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் திரும்பிப்போன வரி நடந்து வந்து அவள் நாக்கில் ஏறியது. அவள் குடைக்கம்பை ஊன்றிக்கொண்டு முழுத் தொண்டையையும் திறந்தாள்.

'கடலுக்கு ரெண்டு கரை, காத்துக்கோ கரையுமில்ல,
எனக்கோ ஒத்தக் கரை, எட்ட நின்னா முழுசுந் தெரியும்.'

நூலிழை போல வந்து சேர்ந்தது அது. கேட்டதும் முப்பத்தொரு காலும் தானாக ஒன்றாக விழுந்தன. 'ஏலோ' என்று வாங்கினார்கள். மறுபடி அவள் எடுத்தாள், அவர்கள் இழுத்தார்கள். கயிறு இறுகியது, கொடிக்கயிறு முனகியது, திட்டு நின்றது, யோசித்தது, பிறகு மெல்ல மெல்லக் கரைப்பக்கம் திரும்பியது. இப்படி ஒரு வலையை அவர்கள் வாழ்நாளில் இழுத்ததில்லை, ஒருத்தருக்கும் கை வலிக்கவில்லை, பிள்ளைகள் கயிற்றோரமாகக் குதித்துக்கொண்டே ஓடின. குடை தெரிந்தது, குடைக்குக் கீழே சேலை தெரிந்தது, சேலைக்கு மேலே முகம் தெரிந்தது.

"நிறுத்துங்க" என்றாள் அவள்.

நிறுத்தினார்கள். கூப்பிடு தூரத்தில், முதல் நாள் வந்து உட்கார்ந்த அதே இடத்தில் திட்டு நின்றது.

"இன்னும் நாலு இழுப்புத்தான், கரைக்கே வந்துரும்" என்று கத்தினார் சம்மாட்டி.

"கரைக்கு வந்தா இதுவும் கரையாப் போயிரும் அண்ணே. அங்கனயே கட்டிப் போடுங்க."

"என் வலை?"

சம்மாட்டி வலையைப் பார்த்தார், திட்டைப் பார்த்தார், தான் அங்கே தூங்கின தூக்கத்தை நினைத்துக்கொண்டார். "சரி, வேற வலை பின்னுவோம், எல்லாரும் சேந்து" என்று கயிற்று முனையைத் தானே கொண்டுபோய்ப் பனையில் கட்டினார்.

நம்புவேல் தண்ணீர் ஓரத்துக்கு ஓடினான். "இறங்கி வா களஞ்சியம், சோறு ஆறிப்போகுது."

அவள் சூரியனைப் பார்த்தாள். உச்சிக்கு வந்து தாண்டியே விட்டது. "என் நேரம் பூரா நீங்க இழுத்ததுலயே போயிருச்சு. இன்னுங் கொஞ்ச நேரம் இருந்துட்டு வாறேன்."

அதற்குள் ராக்கு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டாள். சிவப்புச் சேலை தண்ணீரில் விரிந்து மிதந்தது. அழுத முகத்தோடு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, இத்தனை வருஷப் பழக்கத்தில், "இரு, நானும்" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நின்றாள். அலை வந்து அவள் முழங்கையை நனைத்துவிட்டுப் போனது. கையை இறக்கிக்கொண்டாள்.

"நீ இரு தாயி" என்றாள். "நாளைக்கு நான் அங்கன இருக்கையில நீ இங்கன இரு."